ஒரு வாரம் பச்சை உணவு: முழுநாளுமா, ஒரு வேளை மட்டுமா?

சமைக்காத உணவுச் சவாலில் இறங்க நினைத்தால் இரண்டு வழி: ஒரு வாரம் அடுப்பையே தொடாமல் இருப்பது, அல்லது தினம் ஒரு வேளை மட்டும் பச்சையாகச் சாப்பிடுவது.

முழுச் சவாலில் பலரும் வைக்கும் எல்லை ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் சூடாக்கினால் கணக்கில் சேராது. எடை சட்டென்று குறையும். உடனே சந்தோஷப்பட வேண்டாம், முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பங்கு நீர்தான். நார்ச்சத்து திடீரென்று கூடுவதால் வயிறு உப்பும், வாயுத் தொல்லையும் வரும். சரி, வைட்டமின் சி வீணாகாதே என்றால், உண்மைதான். ஆனால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீனும், கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினும் வேகவைத்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். ராஜ்மாவைப் பச்சையாகத் தொடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தியில் கொண்டுபோய் விடும்.

ஒரு வேளை முறையில் காலையில் பழம், கொட்டைகள். அப்புறம் வழக்கமான சாப்பாடு. பார்க்க வீரமாக இருக்காது, ஆனால் வாரம் முடிந்தும் தொடரலாம். என் ஓட்டு இதற்கே. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முழுச் சவாலைத் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வேகாத முளைப்பயறு இரண்டு முறையிலுமே ஆகாது. கிருமித் தொற்று வரலாம்.