நாலரை மணிப் பசிக்கு எது: டப்பா பொடியா, ஏத்தன் பழமா, மரச்சீனியும் சாளையுமா?

பள்ளிக்கூட வேன் எங்கள் முக்கில் வந்து நிற்கும்போது மணி நாலரை. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேராக அடுக்களைக்கு வருவாள். மதியச் சோறு பாதி அப்படியே திரும்பி வந்திருக்கும். பிள்ளைகள் விறுவிறுவென்று உயரும் வயது இது. அதனால் அந்த நேரத்துச் சாப்பாட்டை வெறும் பலகாரமாக என்னால் நினைக்க முடியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் மூன்றில் ஒன்றுதான் வரும்: ‘ஹெல்த் டிரிங்க்’ என்று விற்கும் டப்பா பொடியைக் கலக்கிய பால், அவித்த ஏத்தன் (நேந்திரம்) பழம், மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கும் சாளை (மத்தி மீன்) கறியும்.

முதலில் டப்பா. 150 மில்லி பாலில் சுமார் 5 கிராம் புரதமும் 180 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. அதில் கலக்கும் 20 கிராம் பொடி தரும் புரதம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிராம்தான். டப்பாவைத் திருப்பி, சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 30 என்று போட்டிருந்தால், கிளாஸுக்கு 6 கிராம். நாம் போடும் சீனி தனி. ‘ஹெல்த் டிரிங்க்’ என்பதற்கு நம் உணவுச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகமே, இந்தப் பானங்களை அந்தப் பிரிவிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. பொடியில் வைட்டமின் சேர்க்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் பாலை மட்டும் கொடுத்துவிட்டு டப்பா காசுக்கு முட்டை வாங்குவேன். ஒரு முட்டையிலேயே 6 கிராம் புரதம் இருக்கிறது.

ஏத்தன் பழம் நல்லதுதான். விளையாடப் போகும் பிள்ளைக்குத் தெம்பு தரும், வயிற்றுக்கும் இதம். புரதம் மட்டும் மிகக் குறைவு, 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுதான். கூட ஒரு முட்டையோ ஒரு பிடி அவித்த சிறுபயறோ வைத்தால் குறை தீரும்.

மரச்சீனிக்கு வருகிறேன். 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பயிரிட ஊக்கப்படுத்திய கிழங்கு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரவு நின்றபோது இந்த மண்ணின் பசியாற்றியதும் இதுதான். ஆனால் கிழங்கு மட்டும் தின்றால் வயிறு நிறையும், பிள்ளை வளராது. முழுக்க மாவுச்சத்து; புரதம் ஏத்தன் பழத்தைப் போலத்தான்.

என் மாமியார் கிழங்கைத் துண்டு போட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு, தண்ணீரை வடித்து முற்றத்து ஓரத்தில் ஊற்றுவார். “இந்தத் தண்ணிய வச்சுக் குழைக்காத மக்ளே” என்பார். கிழங்கில் இயற்கையாகவே இருக்கும் சயனைடு சேர்மம் அந்தத் தண்ணீரோடு பெருமளவு போய்விடும். மிஞ்சும் கொஞ்சத்தை உடல் முறித்து வெளியேற்ற, புரதத்திலுள்ள கந்தகம் வேண்டும். மீன் அதைத் தருகிறது. கிழங்குக்கு மீன் கறி வைத்தவர்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை, ஆனால் கை சரியாகத்தான் போயிருக்கிறது.

சாளையில் முள் நீக்கிய 50 கிராம் சதையிலேயே சுமார் 10 கிராம் புரதம் கிடைக்கும். 10 முதல் 12 வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை கிட்டத்தட்ட 33 கிராம். நன்றாக வெந்த சின்னச் சாளையை நடுமுள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் சேரும். ஒமேகா 3 கொழுப்பும் வைட்டமின் டி-யும் இருக்கின்றன. காந்தாரி மிளகாய் அரைத்த தேங்காயோடு மசித்த கிழங்கில் சாளைக் குழம்பை ஊற்றி வைத்தால் என் மகள் இரண்டாம் முறை கேட்பாள். மூன்றில் என் ஓட்டு இதற்கே. பொரித்த சாளை எப்போதாவது போதும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வயதுக்கு வரும் பருவத்துப் பெண்ணுக்கு இரும்புச்சத்து நிறைய வேண்டும். 10 முதல் 12 வயதில் நாளுக்கு 28 மில்லிகிராம். எதைக் கொடுத்தாலும் கூடவே கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்தால், முருங்கை இலையிலும் பயறிலும் உள்ள இரும்பை அது உடலில் ஏறவிடாது. எங்கள் வீட்டில் சாயாவை ஒரு மணி நேரம் தள்ளிவிட்டோம். அந்த இடத்தில் இப்போது ஒரு கொய்யா.

ஜூன், ஜூலையில் குளச்சல் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடை, மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதம் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள முட்டைக் கறிதான். நெத்திலிக் கருவாடு வைத்தால் இரண்டு தண்ணீரில் உப்பு போகக் கழுவிவிட்டுத்தான் சட்டியில் போடுகிறேன்.