தரை டைலை ஈரக் கலவையில் பதிப்பதா, தளம் போட்டுக் காயவைத்துப் பதிப்பதா?

சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. மாடி ஹாலில் 'டமார்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஹால் நடுவில் இரண்டு டைல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கூரை போல எழும்பி நின்றன. பதித்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. ஒன்றைத் தூக்கினேன், கையோடு வந்துவிட்டது. அதன் முதுகில் ஒரு பொட்டு சிமெண்ட் ஒட்டவில்லை. வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, அச்சில் வார்த்த கட்டங்களும் அவற்றின்மேல் வெள்ளைப் பொடியுமாக இருந்தது. தரையில் காய்ந்த சிமெண்ட் பாலில் (தண்ணீரில் கரைத்து ஊற்றும் சிமெண்டில்) மட்டும் அந்தக் கட்டங்களின் அச்சு முத்திரை குத்தியதுபோலத் தெளிவாகப் பதிந்திருந்தது.

வேலை செய்த மேஸ்திரியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் செய்தது நம் ஊரில் எல்லோரும் செய்கிற முறைதான். முறை அப்படியே இருக்க, டைல் மாறிவிட்டது. சாதாரண செராமிக் தரை டைல் தன் எடையில் 3 முதல் 6 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். சிமெண்ட் பாலை அது இழுத்துக்கொள்வதால் பிடிப்பு கிடைக்கிறது. இன்று ஹாலுக்கு எல்லோரும் வாங்குகிற வெட்ரிஃபைடு டைல் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் கீழே. கிட்டத்தட்ட கண்ணாடிதான். பதிக்குமுன் டைலைத் தொட்டியில் ஊறவைக்கிற பழக்கமும் செராமிக் காலத்தில் வந்தது. வெட்ரிஃபைடை இரவு முழுக்க ஊறவைத்தாலும் உள்ளே எதுவும் போகாது.

அந்த ஹாலைப் பெயர்த்து மறுபடி செய்யும்போதுதான் இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நேர்ந்தது.

முதலாவது, ஈரக் கலவை. ஒன்றுக்கு ஆறு என்று சிமெண்டும் மணலும் கலந்து, பொலபொலவென்று ஈரமாக்கி, ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் கனத்துக்குப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டி மட்டம் பார்ப்பது. தரை மேடுபள்ளமாக இருந்தாலும் கலவையே சரிக்கட்டிவிடும். எந்த ஊரிலும் இதற்கு ஆள் கிடைக்கும். இன்று பதித்தால் நாளை மறுநாள் நடக்கலாம். 200 சதுர அடி ஹாலுக்கு ஏறக்குறைய 5 மூட்டை சிமெண்ட், பாலுக்குத் தனியாகக் கொஞ்சம். காத்திருப்பு என்கிற பேச்சே இல்லை.

இரண்டாவது, முதலில் ஸ்க்ரீட், அதாவது சிமெண்ட்-மணல் கலவையில் மட்டமான தளம் போட்டு, அதைப் பதப்படுத்தி, காயவைத்து, அப்புறம் 3 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில் டைல் பசை தடவிப் பதிப்பது. பசையில் இருக்கும் பாலிமர், உறிஞ்சாத டைலையும் பிடித்துக்கொள்கிறது. ஒன்றுக்கு நாலு கலவையில் அதே ஹாலுக்கு 7 மூட்டை சிமெண்ட் வரும். இரண்டுக்கு இரண்டு அடி டைலுக்குப் பசையின் கனம் 5, 6 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால் 20 கிலோ பை ஏறக்குறைய 25 சதுர அடிக்குத்தான் வரும். அதாவது 8 பை. செலவு கண்டிப்பாகக் கூடுதல். ஆனால் உண்மையான விலை பணத்தில் இல்லை, நாட்களில் இருக்கிறது.

ஏன் இத்தனை நாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் சேர்த்தால், சிமெண்ட் இறுகுவதற்காகத் தன்னோடு கட்டிக்கொள்வது அதில் ஏறக்குறைய பாதிதான். மீதி தண்ணீர் மெல்ல மெல்ல மேல்பக்கமாக வெளியேற வேண்டும். அது வெளியேறும்போது தளம் சுருங்கும். டைல் சுருங்காது. சுருங்கி முடிக்காத தளத்தின்மேல் டைலைக் கெட்டியாக ஒட்டிவிட்டால், கீழே இருப்பது இழுக்கும், மேலே இருப்பது இடம் கொடுக்காது. அந்த இழுபறி வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்து, ஒரு சூடான மதியத்தில் டைல் விரிந்ததும் எழும்பிவிடுகிறது. மரத்தரை என்றால் ஈரம் மரத்தையே கெடுக்கும். டைலுக்கு ஈரத்தைவிட இந்தச் சுருக்கம்தான் பெரிய எதிரி.

பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. தளத்தை முதலில் ஈரமாக வைத்திருக்க வேண்டும், பிறகுதான் காயவிட வேண்டும். முதல் 7 நாள் பதப்படுத்தல். மொட்டைமாடிக்குச் செய்வதுபோலப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டாம். காயவேண்டிய இடத்தில் எதற்கு மேலும் தண்ணீர்? பாலிதீன் ஷீட் விரித்து மூடினால் போதும், உள்ளே இருக்கும் ஈரமே வேலையைச் செய்யும். அந்த ஒரு வாரம் மின்விசிறியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மேல்பக்கம் மட்டும் அவசரமாகக் காய்ந்தால் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், நூல் நூலாக வெடிப்பு விடும்.

ஷீட்டை எடுத்தபிறகுதான் காயும் கணக்கு தொடங்குகிறது. 50 மில்லிமீட்டர் கனம் வரைக்கும் மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது பிரிட்டனில் பழகிவந்த கணக்கு. ஜெர்மனியில் டைலுக்குக் குறைந்தது 28 நாள் என்று வைத்து, அதற்குமேல் ஈரத்தை அளந்தும் பார்க்கிறார்கள். அளக்கும் விதம் நமக்கும் தெரிந்த பொருளை வைத்துத்தான். மாம்பழத்தைப் பழுக்கவைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கும் அதே கார்பைடு கல். தளத்தின் அடியிலிருந்து கொஞ்சம் பெயர்த்தெடுத்துப் பொடித்து, கார்பைடோடு இரும்புக் குப்பியில் அடைத்துக் குலுக்கினால், ஈரத்துக்கு ஏற்ப அசிட்டிலின் வாயு உண்டாகி அழுத்தமானி முள் நகரும். சிமெண்ட் தளத்துக்கு 2 சதவீதத்துக்குள் இருந்தால் டைல் பதிக்கலாம்.

அந்தக் கருவி நம்மிடம் இருக்காது. நான் செய்தது ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் துண்டு, நாலு பக்கமும் டேப். சாயங்காலம் ஒட்டிவிட்டு மறுநாள் காலையில் பார்ப்பது. 12ஆம் நாள் பார்த்தபோது ஷீட்டின் உள்பக்கம் கடுகு கடுகாக நீர்முத்துகள், தரையில் கறுத்த சதுரம். 20ஆம் நாள் முத்துகள் இல்லை, ஆனால் சதுரம் மங்கலாகத் தெரிந்தது. 33ஆம் நாள் இரண்டுமே இல்லை. சன்னல் பக்கம் சீக்கிரம் காய்ந்தது, உள்மூலை பத்து நாள் பின்தங்கியது. அதனால் ஒரே இடத்தில் ஒட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மூலைகளில் கண்டிப்பாக ஒட்டிப் பாருங்கள்.

மாதமும் முக்கியம். தை முதல் வைகாசி வரை தளம் நன்றாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது தண்ணீர் எங்கே போகும்? அடைமழை நாளில் சன்னலைத் திறந்துவைப்பதால் பலன் இல்லை. மூடிவைத்து, வெயில் வந்ததும் திறக்க வேண்டும். தரைத்தளம் என்றால் இன்னொரு சங்கதி: பி.சி.சி. (மண்மேல் போடும் கம்பியில்லாத கான்கிரீட்) போடுமுன் பாலிதீன் விரிக்காமல் விட்டிருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் காத்தாலும் ஷீட் சோதனையில் முத்து நிற்கும்.

இந்த இரண்டு முறைகளையும்விட மோசமான மூன்றாவது ஒன்று உண்டு. இப்போது அதிகம் நடப்பதே அதுதான். என் தம்பி வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. நல்ல பசை, நல்ல டைல், ஆனால் தளம் போட்டுப் பத்தாவது நாள் பதித்துவிட்டார்கள். ஒரு வருடத்தில் இணைப்புகளில் க்ரவுட் (டைல்களுக்கு நடுவே அடைக்கும் பூச்சு) வெடித்தது, தட்டினால் பாதி ஹால் பொக்கையாகச் சத்தம் கேட்டது. அங்கே ஒரு டைலைப் பெயர்த்தபோது நான் பார்த்தது எங்கள் வீட்டுக்கு நேர்மாறாக இருந்தது. பசை டைலின் முதுகை இரும்பாகப் பிடித்திருந்தது. அந்தப் பசையோடு தளத்தின் மேல்தோல் அப்பளம் போல உரிந்து வந்திருந்தது. கரணையால் மழமழவென்று தேய்த்தபோது மேலே மிதந்து வந்த சிமெண்ட் பால் படலம் அது. யாரும் சுரண்டி எடுக்கவில்லை. காய்ந்த தளத்தை ஆணியால் கீறிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆழமாகக் கோடு விழுந்து பொடி உதிர்ந்தால் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, அதுவும் உலர்ந்தபிறகே பசை.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்களிடம் முழுதாக 40 நாள் இருக்கிறதா என்றுதான். இருந்தால், இரண்டடிக்கு மேற்பட்ட வெட்ரிஃபைடு டைலுக்கு ஸ்க்ரீடும் பசையும்தான், யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால், பதினைந்து நாளில் தளமும் பசையும் என்று இரண்டும் கெட்டானாகச் செய்யாமல், நல்ல மேஸ்திரியை வைத்து ஈரக் கலவையிலேயே பதியுங்கள். ஆனால் டைலின் முதுகில் இருக்கும் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சிமெண்ட் பாலுக்குப் பதிலாகப் பசையை முதுகு முழுக்கத் தடவி, கலவை பச்சையாக இருக்கும்போதே வைக்கச் சொல்லுங்கள். வெறும் சிமெண்ட் பாலைவிடப் பிடிப்பு எவ்வளவோ மேல். சின்ன செராமிக் டைலுக்கு, உதாரணமாக சமையலறை, குளியலறைக்கு, பழைய முறையே போதும். வெளிர் நிற மார்பிள், கிரானைட் போடுபவர்கள் மட்டும் ஈரக் கலவையில் கவனமாக இருக்க வேண்டும். அடி ஈரம் கல்லுக்குள் ஏறிக் கறுப்புத் திட்டாக நிற்கும்.

எந்த முறையானாலும் சுவரோரம் 8, 10 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். டைலுக்கு நடுவிலும் ஸ்பேசர் (இடைவெளிக்காக வைக்கும் சின்னத் துண்டு) வைத்து 2, 3 மில்லிமீட்டர் விட வேண்டும். கோடு தெரியாமல் முட்ட முட்டப் பதித்தால்தான் அழகு என்று எங்கள் ஹாலில் நான்தான் கேட்டு வாங்கினேன். டைல் விரிய இடமில்லாமல் போனது அதனால்தான்.

க்ரவுட் எப்போது அடைப்பது என்பதிலும் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இருக்கிறது. காய்ந்த தளத்தில் பசையென்றால் மறுநாளே அடைக்கலாம். ஈரக் கலவையென்றால் குறைந்தது ஒரு வாரம் இணைப்புகளைத் திறந்தே விட்டு, தினமும் பெருக்கித் தூசி அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் தண்ணீர் வெளியேற அந்தக் கோடுகளைத் தவிர வேறு வழி இல்லை.