கேஸ் பாய்லரா, ஹீட் பம்பா? எங்கள் லிஸ்டட் வீட்டுக்கு எடுத்த முடிவு

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் எங்கள் வீடு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய செங்கல் வீடு, கிரேடு 2 லிஸ்டட், அதாவது பழமைக்காகச் சட்டம் காக்கும் கட்டடம், அனுமதி இல்லாமல் அதன் அமைப்பை மாற்றக் கூடாது. வீட்டைச் சூடாக்க அறைகளின் ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பி 18 வருடம் ஓடிய கேஸ் பாய்லர் அடிக்கடி மக்கர் செய்யத் தொடங்கியபோது, "இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும், அதற்குள் முடிவு பண்ணுங்கள்" என்றார் பிளம்பர். அந்த ஒரு குளிர்காலம் கிடைத்ததுதான் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். கடைசியில், வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை மின்சாரத்தால் இழுத்து ரேடியேட்டர் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்புதான் போட்டோம். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நேரடி மின்சார ஹீட்டரை ஒரே நாளில் ஒதுக்கிவிட்டோம். போட மலிவு, சுவரில் கை வைக்க வேண்டியதும் குறைவு. ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு (அப்போது 25, 26 பென்ஸ்) ஒரு யூனிட் சூடுதான் கிடைக்கும். மூன்று படுக்கையறை வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

புது கேஸ் பாய்லரில் வேலை சுலபம். பழையது இருந்த இடத்திலேயே மாட்டி, புகைக்குழாயை அதே ஓட்டை வழியாக விட்டால் இரண்டு நாளில் முடிந்துவிடும், எங்களுக்குச் சொன்ன விலை சுமார் 3,500 பவுண்டு. புகைக்குழாய் வேறு சுவருக்கு மாறினால்தான் லிஸ்டட் கட்டட அனுமதி என்று பேச்சு எழும். அனுமதி இல்லாமல் அந்த வேலையைச் செய்வது 1990ஆம் வருடச் சட்டப்படி கிரிமினல் குற்றம், அதில் விளையாடாதீர்கள். அப்புறம், கேஸ் யூனிட் விலை மின்சாரத்தில் நாலில் ஒரு பங்குதான். இவ்வளவையும் கேட்டால் கேஸ்தானே சரி என்று தோன்றும், எனக்கும் தோன்றியது.

என் மனதை மாற்றியது ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீரின் சூடுதான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய பாய்லர்கள் தண்ணீரை 70, 75 டிகிரிக்குக் காய்ச்சி அனுப்பும். ஹீட் பம்பும் முக்கி முனகி 55, சிலது அதற்கு மேலும் அனுப்பும், ஆனால் அப்போது மின்சாரத்தை விழுங்கிவிடும். 45இல் ஓட்டினால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் சூடு கிடைக்கும், அந்த இடத்தில்தான் கேஸோடு செலவு சமமாகிறது. ஆக வீடு 45 டிகிரித் தண்ணீரில் சூடாகுமா என்பதுதான் கேள்வி. ரேடியேட்டர் கேட்லாக்கில் போட்டிருக்கும் வாட் கணக்கு, அறையைவிட ரேடியேட்டர் 50 டிகிரி அதிகச் சூடாக இருக்கும்போது வருவது. 45 டிகிரித் தண்ணீரில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வரும். எங்கள் கீழ்த்தளத்தில் பெரிய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் இருந்ததால் அங்கே தப்பித்தோம். மாடியில் நாலையும் மாற்ற வேண்டியிருந்தது.

ரேடியேட்டரைவிடக் குழாய்தான் எங்களைப் படுத்தியது. பாய்லரில் போகும் தண்ணீர் 20 டிகிரி இறங்கித் திரும்பும், ஹீட் பம்பில் 5 டிகிரிதான் இறங்கும், அதனால் அதே சூட்டைக் கொண்டுபோக நாலு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். மாடிக்குப் போன 10 மில்லிமீட்டர் குழாய் அதற்குப் போதவே போதாது. பலகைத் தரையைப் பெயர்த்து, ஓக் உத்தரங்களில் வெட்டுப் போட்டுப் புதுக் குழாய் விடுவதை மாவட்டக் கவுன்சிலில் பழைய கட்டடங்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரி ஒப்பவில்லை, எனக்கும் அதில் மனமில்லை. கடைசியில் சுவரோரமாக வெளியே தெரியும்படி தடித்த குழாய் ஓட்டி, சுவரின் நிறத்தையே அடித்துவிட்டோம். நாளைக்குக் கழற்றினால் வீடு பழையபடி இருக்கும் என்பதால் அதிகாரிக்கும் திருப்தி.

முந்தின குளிர்காலத்தில் செய்த சோதனைக்கு வருகிறேன், காசு செலவில்லாத சோதனை. உங்கள் வீட்டில் இருப்பது கண்டென்சிங் பாய்லர் (புகையோடு போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை) என்றால், வெளியே உறைபனி இருக்கும் வாரத்தில் அதன் ரேடியேட்டர் சூட்டை 50க்கு இறக்கி, நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள் (குளிக்க, கழுவ வெந்நீர் சேமிக்கும் சிலிண்டர் இருந்தால் அதில் இருக்கும் தண்ணீர் 60க்குக் குறையக் கூடாது, அதைத் தனியாக வையுங்கள்). பாய்லரில் தண்ணீர் அதிகம் இறங்கித் திரும்புவதால், அதன் 50 ஹீட் பம்பின் 45க்குக் கிட்டத்தட்ட ஈடு. எங்களுக்குக் கீழே 20 டிகிரி நின்றது, மாடியில் 16தான். எந்த அறையில் வேலை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "இது ஓடவே இல்லையேப்பா" என்றார். தொட்டால் வெதுவெதுப்புதான், ஆனால் கூடத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்த நிறுவனத்தின் ஆள் 20 நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய வீடு என்பதாலேயே 16 கிலோவாட் ஹீட் பம்பு வேண்டும் என்றார். இரண்டாவதாக வந்தவர் அறை அறையாக அளந்து, ஜன்னலுக்கு உள்பக்கம் நாங்கள் போட்டிருந்த இரண்டாம் கண்ணாடியையும் கணக்கில் சேர்த்து 9 கிலோவாட் போதும் என்றார். பெரிய பம்பு வைத்தால் அது நின்று நின்று ஓடி மின்சாரத்தைத் தின்னும். அளக்காமல் எண் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

செலவு மொத்தம் 16,000 பவுண்டு. அரசு மானியம் 7,500 போக 8,500. மானியம் நம் கைக்கு வராது, நிறுவுபவரே விண்ணப்பித்துப் பில்லில் கழித்துக்கொள்வார். கேஸைவிட 5,000 அதிகம், அதை மறைக்க விரும்பவில்லை. ஓடும் செலவு கிட்டத்தட்ட சமம். கேஸ் இணைப்பையே எடுத்துவிட்டதால் நாளுக்கு 30 பென்ஸ் நிலைக்கட்டணம் மிச்சம், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த பெரிய பலன் வீடு இருக்கும் விதம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர் காலையில் சூடாகி மதியம் ஆறினால் மூலைகளில் ஈரம் பூக்கும், எங்கள் வடக்கு அறையில் வருடாவருடம் பூத்தது. இப்போது சூடு இரவும் பகலும் மெல்ல வந்துகொண்டே இருக்கிறது, இந்த வருடம் அந்த மூலை காய்ந்திருக்கிறது. ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு குளிர்காலம், அதுவும் பெரிய பனி இல்லாதது. பத்து வருடம் கழித்து ரிப்பேர் எப்படி வரும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

சோதனையில் உங்கள் வீட்டின் பாதி அறைகள் 16ஐத் தாண்டவில்லை, குழாயும் மாற்ற வழியில்லை என்றால் கேஸையே போடுங்கள், அதையும் 55க்கு இறக்கி ஓட்டினால் பில் குறையும். ஹீட் பம்பு என்றால், அடுத்த குளிர்காலத்துக்குள் வேலை முடிய, பிப்ரவரியிலேயே கவுன்சிலில் மனு போட்டுவிடுங்கள். லிஸ்டட் வீட்டு வளாகத்தில் ஹீட் பம்பின் வெளிப்பெட்டியை வைக்க, பிளானிங் பெர்மிஷன் என்ற கட்டுமான அனுமதியும் தனியாக வேண்டும், முடிவுக்கு 8 வாரம் என்பார்கள், எங்களுக்கு 13 ஆனது.