கெப்பாசிட்டர் மோட்டார்கிட்டயா, மெயின் பேனல்லயா?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கற நம்மாளுங்க பவர் ஃபேக்டரை (வாங்கற கரண்ட்ல எவ்வளவு நெஜமா வேலைக்கு ஆகுதுங்கற அளவு) ஏத்தற கெப்பாசிட்டரை எங்க மாட்டறதுன்னு அடிக்கடி கேக்குறது இது. மெயின் பேனல்ல ஏபிஎஃப்சி (பவர் ஃபேக்டரை தானா சரி பண்ற பேனல்) போட்டா லோடுக்கு ஏத்த மாதிரி அதுவே கெப்பாசிட்டரை சேர்க்கும் கழட்டும், பில்லுல பவர் ஃபேக்டர் அழகா நிக்கும், ஆனா பேனல்லேர்ந்து மோட்டார் வரைக்கும் போற கேபிள்ல கரண்ட் குறையவே குறையாது, அங்க சூடா போறது நம்ம காசுதான். மோட்டார் டெர்மினல்லயே மாட்டினா அந்த கேபிளும் தப்பிக்கும். அதே கிலோவாட்டுக்கு பவர் ஃபேக்டர் 0.75லேர்ந்து 0.95 ஆனா கரண்ட் 21% குறையும், கேபிள்ல சூடா போற நஷ்டம் கரண்டோட வர்க்கத்துல போறதால அதுல கிட்டத்தட்ட 38% மிச்சம்!

அதுக்காக எல்லாத்துக்கும் மாட்டாதீங்க. நாள் பூரா ஓடுற கம்ப்ரசர், தூரத்துல இருக்கற பம்பு, இதுக்கு ஓகே. கெப்பாசிட்டர் சைஸ் பெருசா போனா ஆஃப் பண்ணதும் மோட்டாரே ஜெனரேட்டர் ஆகி வோல்டேஜை ஏத்திடும், அதனால மோட்டார் லோடு இல்லாம ஓடறப்ப இழுக்கற கேவிஏஆர்ல (காந்தப்புலத்துக்கு மட்டும் போற, வேலைக்கு ஆகாத பவர்) 90% தாண்டாதீங்க. விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்தற டிரைவ்) அவுட்புட்ல மட்டும் வேணவே வேணாம், டிரைவே காலி. வெல்டிங், லேத்னு லோடு ஏறி எறங்கற எடத்துக்கு ஏபிஎஃப்சிதான், கெப்பாசிட்டரை சேர்த்து கழட்டற காண்டாக்டர் சுவிட்ச் தேயும், பரவால்ல. ஓவர்லோடு ரிலேக்கு (கரண்ட் அதிகமானா மோட்டாரை நிறுத்தற காவல்) அப்புறமா மோட்டார் பக்கம் கெப்பாசிட்டர் மாட்டினா, ரிலே வழியா போற கரண்ட் குறையும், அதனால ரிலே செட்டிங்கையும் கொறைங்க, எலக்ட்ரீஷியன் பாதி பேரு இத மறந்துடறாங்க.