மூன்று நாள் வாடகைக்கு 2000-களின் உடைகள்

அலுவலக விருந்துக்கு 2000-களின் தொடக்கத்தில் அணிந்தவாறு உடுத்தி வரவேண்டும் என்று சொல்லிவிட்டதால், தோழிக்கும் அவள் கணவருக்கும் எனக்குமாகக் கிழக்கு லண்டனில் வேட உடைகளை வாடகைக்கு விடும் ஒரு சிறிய கடையில் மூன்று தொகுப்புகளை எடுத்தோம். மூன்று நாளைக்குத் தொகுப்பு ஒன்றுக்கு 35 பவுண்டு, முன்பணம் தனி.

எனக்குக் கிடைத்தது வெல்வெட் போன்ற வெலூர் துணியில் தைத்த இளஞ்சிவப்பு ட்ராக்சூட். 2001 வாக்கில் கலிஃபோர்னியாவின் ஜூசி கூட்டூர் நிறுவனம் பரப்பி, அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் போன்றோர் அணிந்து உலகறியச் செய்த உடை அது. கடையில் தந்த நகலில் துணி மோசமில்லை. கையால் ஒருபுறம் தடவினால் வெளிறியும் மறுபுறம் தடவினால் அடர்ந்தும் தெரியும் அந்த மினுமினுப்பு இருந்தது. கோளாறு வெட்டில்தான். அக்காலத்துக் காற்சட்டை தொப்புளுக்கு வெகு கீழே, இடுப்பெலும்பில் நிற்கும்; கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டி வரை ஏறக்குறைய ஒரு சாண்தான் இருக்கும். இவர்கள் தந்ததோ தொப்புளை மூடிக்கொண்டு ஏறியதால், பட்டியை இருமுறை மடித்து உட்புறம் ஊக்குக் குத்திய பிறகே அந்தக் காலத்துத் தோற்றம் வந்தது. பின்புறம் கற்களால் எழுத்துப் பதித்திருந்தார்கள். தைக்காமல் பசையால் ஒட்டியிருந்ததால், நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்ததும் நான்கு கற்கள் உதிர்ந்தன. அதற்காக முன்பணத்தில் 8 பவுண்டைப் பிடித்துக்கொண்டது நியாயமாகப் படவில்லை.

மற்ற இருவருடையது, 2001 ஜனவரியில் அமெரிக்க இசை விருது விழாவுக்கு பாடகர்கள் பிரிட்னி ஸ்பியர்ஸும் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் அணிந்து வந்த ஜீன்ஸ் இணை. இதில் கடைக்காரரின் கைத்திறனைப் பாராட்டியே ஆகவேண்டும். வெவ்வேறு அளவில் வெளுத்த பழைய ஜீன்ஸ்களைக் கத்தரித்து ஒட்டுப்போட்டுத் தோளில்லாத நீண்ட கவுனாகத் தைத்திருந்தார்; இடுப்பருகே ஓர் ஒட்டில் பழைய பையின் வாய் தைக்கப்படாமல் அப்படியே திறந்திருந்தது, தோழி அதில்தான் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டாள். கனம் மட்டும் அதிகம். மாடிப்படி ஏறும்போது கவுனை இரு கையாலும் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கணவருக்கு மேல்சட்டை, காற்சட்டை, தொப்பி மூன்றுமே ஜீன்ஸ் துணி. உடன் தந்த மடிப்புக் கைபேசி மோட்டோரோலா ரேஸர். அது 2004-இல் வந்தது என்பதைக் கவனித்தவர் விருந்தில் நான் ஒருத்தி மட்டுமே.

முன்பக்கம் நுரைப்பஞ்சும் பின்பக்கம் வலையுமாக இருந்த ட்ரக்கர் தொப்பியை இலவசமாகச் சேர்த்துத் தந்தார்கள். குறையில்லை.

ஜீன்ஸ் இணைக்காக இந்தக் கடைக்கு மறுபடியும் போவேன். ட்ராக்சூட் வேண்டுபவர்கள் பழைய பொருள்களை விற்கும் அறக்கட்டளைக் கடைகளில் அக்காலத்துப் பழைய உருப்படி கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். வாடகைக்கே எடுப்பதானால் கற்களை எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள்.