வலது கால் தேய்த்த பெடல்

"மச்சி, ரட்டர் பெடல் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று சென்னையிலிருந்து நண்பன் கேட்டிருக்கிறான். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டுக்கான கால் பெடல் அது; மிதித்தால் வால் துடுப்பு (ரட்டர்) அசைந்து விமானத்தின் மூக்கு இடம் வலமாகத் திரும்பும். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன சனிக்கிழமைதான் என் பெடலைப் பிரித்து மாட்டினேன். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை.

மூன்று வருடமாக மேஜைக்கு அடியில் கிடக்கிறது. ஊரிலிருந்து வந்த அம்மா பார்த்துவிட்டு, "தையல் மிஷினோட மேல்பாகம் எங்கப்பா?" என்று கேட்டார். வலது பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்துவிட்டது. இடது பெடல் கடையில் வாங்கியது போலவே இருக்கிறது. எல்லாம் நான் சிமுலேட்டரில் ஓட்டும் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் செய்த வேலை.

முதல் எட்டு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்தில் ஏறி, பக்கத்து ஹெசரகட்டா பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குவேன். தரையில் வளைக்க மட்டும்தான் பெடல். நமக்கு நன்றாகவே ஓட்ட வருகிறது என்ற நினைப்பு வேறு. அப்புறம்தான் பார்த்தேன், செட்டிங்ஸில் தானியங்கி ரட்டர் உதவி ஆன் ஆகியிருந்தது.

அதை அணைத்துவிட்டு, எஞ்சின் பலத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால், விமானம் ரன்வேயின் இடது ஓரப் புல்லில் போய் நின்றது. மறுபடி தள்ளினேன், மறுபடி புல். பெடல் போச்சு என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பிரித்தேன். உள்ளே கொஞ்சம் ஒட்டடை, அவ்வளவுதான்.

பெடல் பாவம். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் 172இன் ப்ரொப்பல்லர் கடிகார முள் போலச் சுற்றும். அது தள்ளும் காற்று உடம்பைச் சுற்றிக்கொண்டு போய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் அறைகிறது. வால் வலப்பக்கம் போக, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. எஞ்சின் ப்ரொப்பல்லரை வலப்பக்கம் முறுக்கினால், அதன் எதிர்விசை உடம்பை இடப்பக்கம் சாய்க்கிறது. தரையில் இடது சக்கரம் அழுந்தும், காற்றில் இடது இறக்கை தாழும். சரி, இத்தோடு விட்டதா? மூக்கைத் தூக்கி ஏறும்போது, வலப்பக்கம் கீழிறங்கும் பிளேடு காற்றை அதிகமாகக் கடிக்கும். அதுவும் இடப்பக்கமே இழுக்கும். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி. இரண்டாம் உலகப் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை மெர்லின் எஞ்சினோடு ஓட்டிப் பழகிவிட்டு, ப்ரொப்பல்லர் எதிர்ப்பக்கம் சுற்றும் கிரிஃபன் எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் பழக்கதோஷத்தில் வலது காலை மிதித்த கதை தனி. ஹேங்கரை மிக அருகில் பார்த்தேன்.

இதில் ஒரு சுகமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. த்ராட்டில் ஏற ஏற வலது கால் தானாக அழுந்தும். வேகம் கூடி வால் துடுப்புக்குப் பிடி கிடைக்கும்போது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். மூக்கைத் தூக்கியதும் திரும்ப மிதி. விமானம் பக்கவாட்டில் வழுக்காமல் போகிறதா என்று காட்டும் கருவியின் குழாய்க்குள் இருக்கும் பந்து நடுவில் நின்றுவிட்டால் அன்றைக்கு ஆபீஸில் வாங்கியதெல்லாம் மறந்துபோகும். ஜக்கூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிசு, எஞ்சினும் ஏறக்குறைய 10 சதவீதம் பலம் குறைந்துதான் இழுக்கும். அதே விமானத்தைக் கடல் மட்டத்தை ஒட்டிய மீனம்பாக்கத்தில் வைத்து ஓட்டினேன். வித்தியாசத்தை என் வலது கால் சொன்னது. அந்த நிமிடம் இந்தப் பெடலுக்குக் கோவில் கட்டலாம் என்று தோன்றியது.

கோவில் கட்டியிருந்தால் இந்த வருடம் இடித்திருப்பேன். ஜனவரியிலிருந்து மூக்கு திடீர் திடீரென்று இடப்பக்கம் துள்ள ஆரம்பித்தது. பழைய அனுபவம் இருக்கிறதே, "ப்ரொப்பல்லர் வேலை" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் அழுத்தி மிதித்தேன். ஒரு நாள் இரவு த்ராட்டிலை முழுக்கக் குறைத்து இறங்கிக்கொண்டிருந்தேன், அப்போதும் துள்ளியது. பலமே இல்லாத ப்ரொப்பல்லர் எதை இழுக்கும்? சொல்லப்போனால் அந்த நேரத்தில் மூக்கு கொஞ்சம் வலப்பக்கம் போகப் பார்க்கும், இடது காலைத்தான் லேசாக வைக்க வேண்டும். நல்ல பெடலைப் பிரித்துப் பார்த்தவன், கெட்ட பெடலுக்கு இயற்பியல் பேசி ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறேன்.

தயாரித்த கம்பெனிக்கு மெயில் போட்டேன். உதிரிபாகம் கிடையாதாம், முழுசாகப் புதுசு வாங்க வேண்டுமாம். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் ஒரு சந்துக் கடையில், பெடல் எவ்வளவு அழுந்தியது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பழைய பொட்டன்ஷியோமீட்டரைக் காட்டினேன். பெரியவர் ஒருவர் திருப்பிப் பார்த்துவிட்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு காபி காசு. தண்டு மட்டும் அரை நூல் நீளம், அரம் போட்டுத் தேய்த்தேன். பழையதைப் பிளந்து பார்த்தால், உள்ளே முள் உரசி ஓடும் கரித்தடத்தில் நடுவிலிருந்து வலப்பக்கம் மட்டும் கீறல் விழுந்து தேய்ந்திருக்கிறது. இடது பாதி பளபளவென்று அப்படியே இருக்கிறது.

ஆகவே, வாங்காதே மச்சி. இந்த விலைக்குக் கரித்தடம் வைத்து விற்பவனுக்குக் காசு கொடுக்காதே. முறுக்கினால் ரட்டர் திரும்பும் ஜாய்ஸ்டிக் உன்னிடம் இருக்கிறதே, அது போதும்.

எஸ்.பி. ரோட்டில் இரண்டாக வாங்கினேன். இன்னொன்று டிராயரில் இருக்கிறது.