தீயணைப்பு வண்டியில் டீசல் கசிவு: ரீகால் இருப்பதைச் சொல்லாமலே இரண்டு முறை பில் போட்டார்கள்

தீயணைப்பு வண்டி ஓட்டுபவர்களும் அதைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். ரீகால் என்றால், குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவது. நாங்கள் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை, அதனால் எந்தக் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் நடந்தது உங்களுக்குப் பயன்படும்.

நான் ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வண்டி ஓட்டுவதும் பம்ப் இயக்குவதும் என் பொறுப்பு. வண்டி வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. ஒரு நாள் காலையில் ஷெட்டைத் திறந்ததும் டீசல் வாசம் குப்பென்று அடித்தது. குனிந்து பார்த்தால் இன்ஜினுக்கு நேர் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனோம்.

அங்கே இருந்த சர்வீஸ் அட்வைசர், "டீசல் வண்டின்னா டீசல் வாசம் வரத்தான் செய்யும் சார்" என்றார். ஏதோ ஒரு கிளாம்பை இறுக்கி, இன்ஜினைத் துடைத்து, பில் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே ஈரம். இந்த முறை ரிட்டர்ன் லைனில் (மீதி டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாயில்) வாஷர் மாற்றியதாகச் சொன்னார்கள். அதற்கும் பில். இரண்டு முறையும் ஜாப் கார்டில் (குறையையும் வேலையையும் எழுதும் தாளில்) கையெழுத்துப் போட்டேன், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. "டீசல் வாசம் வருவதாக வாடிக்கையாளர் சொல்கிறார்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். கசிவு என்ற சொல்லே அதில் இல்லை. பின்னால் புகார் கொடுத்தபோது, "நீங்கள் கசிவு என்று சொல்லவே இல்லையே" என்று என் கையெழுத்தைக் காட்டியே பேசினார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்த மாதம் ஒரு பயிற்சி. வண்டியை நிறுத்தி பம்பை ஓட்டி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். கேபினுக்குக் கீழிருந்து மெல்லியதாக வெள்ளைப் புகை வந்தது. வாசமும் கடுமையாக இருந்தது. உடனே பம்பை விடுவித்து, இன்ஜினை நிறுத்தி, பேட்டரி சுவிட்சையும் அணைத்தேன். ஹோஸ் பிடித்திருந்த தம்பிகளைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நுரைக் கருவியைத் தயாராக வைத்தோம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் கேபினைச் சாய்த்துப் பார்த்தோம்.

டீசல் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று ஓர் இரும்புத் தாங்கியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. வண்டி அதிர அதிர அந்த விளிம்பு அதை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுக்கு வெளிப்புற ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் பின்னல் நூல் பிசிறு பிசிறாக வெளியே தெரிந்தது. நூல் நுனியில் டீசல் முத்து முத்தாகத் திரண்டு விழுந்தது. அந்த ஹோஸைப் பிடித்து நிறுத்த வேண்டிய கிளிப் அங்கே இல்லவே இல்லை. அது கழன்று விழுந்ததற்கான அடையாளமும் இல்லை. அங்கிருந்து டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும், கடுமையாகச் சூடாகும் பாகம்) ஒரு சாண் தூரம்தான். அவர்கள் மாற்றியதாகச் சொன்ன வாஷர் இருந்த இடம் இன்ஜினுக்கு அந்தப் பக்கம்!

எவ்வளவு ஆபத்து என்று புரிவதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்று நாம் எல்லோரும் அலட்சியமாக இருப்போம். தரையில் கிடக்கும் டீசலுக்கு அது சரி. ஆனால் சூடான இரும்பின் மேல் விழும் டீசலுக்குத் தீப்பொறியே தேவையில்லை. ஆய்வகச் சோதனையில் சுமார் 250 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே அது தானாகப் பற்றிக்கொள்ளும், திறந்தவெளியில் இருக்கும் இரும்பின் மேல் அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். பாரம் இழுக்கும் இன்ஜினில் டர்போவும் எக்ஸாஸ்ட் குழாயும் 500 டிகிரியைத் தாண்டும். சாலையில் ஓடும் லாரிக்கு எதிர்க்காற்றாவது கிடைக்கும். நம் வண்டி நின்ற இடத்தில் நின்றபடி மணிக்கணக்கில் பம்பை இழுக்கிறது. சூடு முழுவதும் கேபினுக்கு அடியிலேயே தங்குகிறது. அந்த நேரத்தில் எதிரே ஒரு கட்டடம் எரிந்துகொண்டிருக்கும், உள்ளே போன ஆட்கள் நம் தண்ணீரை நம்பி நிற்பார்கள். பயிற்சி என்பதால் நான் பம்பை நிறுத்த முடிந்தது. உண்மையான தீயாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை.

இன்னொன்று. அன்றைக்குக் கசிவு எங்கே என்று தேட எங்கள் பையன் ஒருவன் விரலை விட்டுத் தடவப் போனான், கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். இப்போதைய காமன் ரெயில் இன்ஜின்களில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) உயர் அழுத்தக் குழாயில் 1,600 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), 2,000 பார் என்று அழுத்தம் இருக்கும். ஊசித்துளை வழியாக வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி, அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கையை நீட்டாதீர்கள்.

சரி, ரீகால் விஷயத்துக்கு வருகிறேன். அன்று மாலை சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) தயாரிப்பாளரின் இணையதளத்தில் எங்கள் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். 17 எழுத்தும் எண்ணும் கலந்த நம்பர் அது. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் வராது, ஆகவே வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். நான் முதல் தடவை அங்கேதான் தவறாக அடித்தேன். சரியாக அடித்ததும் வந்தது: எரிபொருள் ஹோஸ் உராய்ந்து கசியலாம், தீப்பிடிக்கும் அபாயம், ஹோஸை மாற்றி கிளிப் பொருத்த வேண்டும், கட்டணம் கிடையாது. அறிவிப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் இரண்டு முறை காசு கொடுத்தபோதும் அந்த ரீகால் நடப்பில்தான் இருந்திருக்கிறது. நம்பரை ஒரு தடவை தட்டியிருந்தால் சர்வீஸ் சென்டர்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்களுக்கு ஏன் கடிதம் வரவில்லை? தீயணைப்பு வண்டியை ஒரே கம்பெனி முழுதாகச் செய்வது குறைவு. சேஸிஸும் இன்ஜினும் ஒருவரிடமிருந்து வரும். டேங்க், பம்ப், பாடி எல்லாம் இன்னொருவர் கட்டுவார். சேஸிஸ்காரரின் பதிவேட்டில் வாங்கியவர் என்று பாடி கட்டியவரின் பெயர்தான் இருந்தது. கடிதம் அங்கே போய் அங்கேயே படுத்துவிட்டது. கை மாறிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். சர்வீஸ் சென்டரில் கேட்டால் பாடி கட்டினவர்களிடம் போகச் சொன்னார்கள், பாடி கட்டியவர்கள் சேஸிஸ் கம்பெனியைக் கைகாட்டினார்கள். மூன்று வாரம் இப்படியே போனது. அதுவரை வண்டியை வெளியே எடுக்கவில்லை, மாற்று வண்டிக்கு வேறு ஏற்பாடு செய்தோம். கடைசியில் படங்களோடு தயாரிப்பாளருக்கு நேரடியாக எழுதிய பிறகு நான்கே நாளில் வேலை முடிந்தது. செலவு எதுவும் இல்லை. வேலை எடுத்துக்கொண்ட நேரம் அரை நாள்கூட இல்லை. முன்பு கட்டிய பணத்தில் ஒரு பில் திரும்பி வந்தது. வாஷர் பில்லுக்கு இன்னும் பதில் இல்லை.

உங்கள் வண்டிக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். சேஸிஸ் நம்பரை நீங்களே போட்டுப் பாருங்கள், பாடி கட்டியவரிடமும் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் பம்ப் பக்கத்து ரீகால் அவர்கள் பெயரில் வரலாம். "இந்த நம்பருக்கு ரீகால் எதுவும் நிலுவையில் இல்லை" என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜாப் கார்டில் "எரிபொருள் கசிவு" என்ற சொல் இருந்தால் மட்டுமே கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய பழைய ஹோஸைக் கேட்டு வாங்கி வையுங்கள். இலவசமாகச் செய்யும் கால வரம்பு நாட்டுக்கு நாடு வேறு: அமெரிக்காவில் முதலில் விற்ற நாளிலிருந்து 15 ஆண்டு, இந்தியாவில் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதி 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. தீயணைப்பு வண்டி அதையெல்லாம் தாண்டி ஓடுகிற வண்டி, ஆகையால் தள்ளிப்போடாமல் இப்போதே பாருங்கள்.

எங்களோடு அதே சமயத்தில் அதே மாதிரி வண்டி வாங்கிய இன்னொரு பிரிவுக்குப் போன வாரம் போன் செய்தேன். அவர்களுக்கும் கடிதம் வரவில்லை. கேபினைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பியிருக்கிறார்கள். அதே இடத்தில் கிளிப் இல்லை, ஹோஸில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது, நூல் இன்னும் வெளியே வரவில்லை. நாளைக்கு அந்த வண்டி ஹோஸ் மாற்றும் வேலைக்குப் போகிறது.